90 விழுக்காடு ஏன் முழுப் பட்டையாகத் தெரிந்தது? எக்செலில் விழுக்காட்டைப் படமாக்குவது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டக் கோயிலில் திருப்பணி நடக்கிறது. வசூல் கணக்கை எக்செலில் போட்டு வாராவாரம் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவது என் பொறுப்பு. வெறும் எண்களை யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. அதனால் ஒரு வாரம் விழுக்காடு இருக்கும் கட்டங்களில் பச்சைப் பட்டை போட்டு அனுப்பினேன். பார்க்க ஜோராக இருந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஈப்போவில் இருக்கும் ஓர் அண்ணன் எழுதினார்: "மின்சார வேலைக்குக் காசு சேர்ந்துருச்சு போல. அதுக்குன்னு எடுத்து வச்சதை வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கிறேன் தம்பி."

சேரவில்லை. 5,000 வெள்ளி, அதாவது ரிங்கிட், வேண்டும், 4,500தான் வந்திருந்தது. 90% என்று எண்ணும் பட்டைமேலேயே இருந்தது. ஆனால் பட்டை கட்டத்தின் இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரம்வரை நிறைந்திருந்தது. அண்ணன் எண்ணைப் படிக்கவில்லை, பட்டையைப் படித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. எண்ணைப் படிக்காமலே புரியட்டும் என்றுதானே பட்டை போட்டேன்? தப்பு என்னுடையது. பட்டை எதைப் பார்த்து நீள்கிறது என்று நான் கேட்கவே இல்லை.

எக்செலில் விழுக்காட்டைப் படமாகக் காட்டுவது சுலபம். நாலு தடவை கிளிக் செய்தால் வந்துவிடும். அந்தச் சுலபம்தான் ஆபத்தும். முதலிலிருந்து போவோம்.

பால் ஸ்டோரில் தெரிந்த கணக்கு

விழுக்காடு என்றால் நூற்றுக்கு எத்தனை என்பது. சதவீதம் என்றாலும் அதுதான். இதில் எல்லாருக்கும் தெரியாத சங்கதி எதுவும் இல்லை என்று தோன்றும். ஆனால் பேச்சில் நாம் பாதியைத்தான் சொல்கிறோம். "அறுபது விழுக்காடு முடிஞ்சிருச்சு" என்போம். எதில் அறுபது என்று சொல்ல மாட்டோம்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்களுக்கு, இந்தக் கேள்வி தானாகவே வரும். வாளியில் இருப்பது எல்லாம் ரப்பர் இல்லை. பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். பால் நிறுக்கும் இடமான பால் ஸ்டோரில் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் விட்டு, ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்ப்பார்கள். மழை நீர் கலந்த பால் வாளி நிறைய இருக்கும், கணக்கு குறைவாக வரும். இப்போதைய செம்பனையும் அப்படித்தான். ஆலைக்குள் 100 டன் குலை போனால் எண்ணெயாக வெளியே வருவது சுமார் 20 டன். 20 விழுக்காடு என்பதற்கு அங்கே அர்த்தம் வருவது, உள்ளே போனது 100 டன் என்று தெரிந்திருப்பதால்.

எதில் என்ற கேள்விக்கு விடையாக இருப்பதை இந்தக் கட்டுரையில் 'முழு' என்று சொல்கிறேன். வாளிப் பால் ஒரு முழு. ஆலைக்குள் போன குலை ஒரு முழு. எங்கள் கோயிலில் ஒவ்வொரு வேலைக்கும் வைத்திருக்கும் இலக்குத் தொகை ஒரு முழு.

எங்கள் கணக்கு இது:

கோபுர வண்ணம்: இலக்கு 40,000 வெள்ளி, வந்தது 24,000, அதாவது 60%
தரை ஓடு: இலக்கு 20,000, வந்தது 13,000, அதாவது 65%
மடப்பள்ளி: இலக்கு 15,000, வந்தது 4,500, அதாவது 30%
மின்சார வேலை: இலக்கு 5,000, வந்தது 4,500, அதாவது 90%

கடைசி இரண்டு வரியைப் பாருங்கள். இரண்டுக்கும் வந்த காசு ஒன்றுதான், 4,500. ஒன்று 30, மற்றது 90. காசு மாறவில்லை, முழு மாறியிருக்கிறது.

கட்டத்துக்குள் இருப்பது ஒன்று, கண்ணுக்குத் தெரிவது ஒன்று

எக்செலில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் ஒரு கட்டம். 'செல்' என்றும் சொல்வோம். மின்சார வேலைக்கான கட்டத்தில் சமக்குறி போட்டு, வந்த தொகை இருக்கும் கட்டத்தைத் தொட்டு, சாய்கோடு போட்டு, இலக்கு இருக்கும் கட்டத்தைத் தொட்டு எண்டர் தட்டினால் 0.9 வரும். நூறால் பெருக்க வேண்டாம். மேலே ஹோம் பட்டியில் இருக்கும் % பொத்தானை அழுத்தினால் 90% என்று தெரியும்.

தெரியும் என்றேன், மாறும் என்று சொல்லவில்லை. கட்டத்துக்குள் இப்போதும் 0.9தான் உட்கார்ந்திருக்கிறது. வேட்டி மாற்றிக் கட்டினாலும் ஆள் அதே ஆள்தான். இப்படி உள்ளே இருக்கும் எண்ணைத் தொடாமல் தோற்றத்தை மட்டும் மாற்றுவதற்கு ஃபார்மேட்டிங் என்று பெயர்.

இது தெரியாமல் பலர் 90 என்று கையால் தட்டிவிட்டு, அப்புறம் % பொத்தானை அழுத்துவார்கள். 9000% என்று வந்து நிற்கும். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று என்னிடம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. கெடவில்லை. எக்செலுக்கு 1 என்பதுதான் 100%. அந்தக் கணக்கில் 90 என்பது 9000%.

இதை மட்டும் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்: எக்செலுக்குள் 100% என்பது 1. அடுத்த பகுதி முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

பட்டை எதைப் பார்த்து நீள்கிறது?

விழுக்காடு இருக்கும் நாலு கட்டங்களையும் தேர்ந்தெடுத்து, ஹோம் பட்டியில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங், அதற்குள் டேட்டா பார்ஸ், பிடித்த நிறம். அவ்வளவுதான், கட்டத்துக்குள்ளேயே பட்டை வந்துவிடும். கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்றால், கட்டத்தில் இருக்கும் எண்ணுக்கு ஏற்ப அதன் தோற்றம் தானாக மாறுவது. எண்ணின் அளவுக்கு நீளும் பட்டைக்குப் பெயர் டேட்டா பார். 2007ஆம் ஆண்டு எக்செலில் வந்த வசதி இது.

நான் செய்ததும் இவ்வளவுதான். கோளாறு எங்கே?

நாலு பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி உயரம் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கையில் அளவுகோல் இல்லை. என்ன செய்வோம்? இருப்பவர்களில் உயரமானவனை வைத்து, இவன் அவன் தோள் வரை, அவள் அவன் இடுப்பு வரை என்போம். எக்செலும் அதைத்தான் செய்தது. எதுவும் சொல்லாவிட்டால், தேர்ந்தெடுத்த கட்டங்களில் எது பெரியதோ அதற்கு முழு நீளப் பட்டை போடும். மற்றவற்றை அதோடு ஒப்பிட்டு வரையும். எங்கள் பட்டியலில் பெரியது 90. அதனால் 90தான் முழுக் கட்டம். 60 மூன்றில் இரண்டு பங்கு, 30 மூன்றில் ஒரு பங்கு. இலக்கு என்று ஒன்று இருப்பதே எக்செலுக்குத் தெரியாது. பாவம், அதை யாரும் அதற்குச் சொல்லவில்லை.

ஆக, எண் ஒரு முழுவைப் பற்றிப் பேசியது, பட்டை வேறொரு முழுவைப் பற்றிப் பேசியது. ஈப்போ அண்ணன் நம்பியது பட்டையின் முழுவை.

சரிசெய்வது ஒரு நிமிட வேலை. அதே கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் மேனேஜ் ரூல்ஸ் போய், அந்த விதியைத் திறந்தால் மினிமம், மேக்ஸிமம் என்று இரண்டு இடம் இருக்கும். இரண்டிலும் ஆட்டோமேட்டிக் என்று இருப்பதை நம்பர் என்று மாற்றி, மினிமத்தில் 0, மேக்ஸிமத்தில் 1 போடுங்கள். 100 போட்டுவிடாதீர்கள். 0.9ஐ 100க்குப் பக்கத்தில் நிறுத்தினால் பட்டை கண்ணுக்கே தெரியாது. 100% என்பது 1 என்று அத்தனை அழுத்திச் சொன்னது இதற்காகத்தான்.

கூகுள் ஷீட்ஸில் கணக்கு வைத்திருப்பவர்கள் ஸ்பார்க்லைன் என்ற ஃபார்முலாவைக் கொண்டு இதே பட்டையை வரையலாம். அங்கே பார் என்று வகை சொல்லி நிறுத்திக்கொண்டால் இன்னும் வேடிக்கை. ஒவ்வொரு கட்டமும் தன்னையே முழுவாக எடுத்துக்கொள்ளும், 30ம் நிறைந்து நிற்கும், 90ம் நிறைந்து நிற்கும். மேக்ஸ் என்ற இடத்தில் 1 கொடுத்தால்தான் ஒழுங்குக்கு வரும்.

எந்த மென்பொருளானாலும் கேள்வி ஒன்றுதான். இந்தப் பட்டை முழுசாக நிறைந்தால் அது எதைக் குறிக்கும்? இலக்கு எட்டியதை என்றால் சரி. இருப்பதிலேயே பெரியதை என்றால், அது வேறு சேதி.

மொத்தத்தில் எவ்வளவு?

பட்டையைத் திருத்தி அனுப்பியதும் தலைவர் கேட்டார்: "தம்பி, எல்லாம் சேர்த்து எத்தனை விழுக்காடு?" நான் பதில் எழுதுவதற்குள் குழுவில் ஒருவர் போட்டுவிட்டார்: 60, 65, 30, 90 கூட்டினால் 245, நாலால் வகுத்தால் 61.25.

கணக்கில் பிழை இல்லை, ஆனால் விடை தப்பு. வந்த காசு மொத்தம் 46,000. இலக்கு மொத்தம் 80,000. வகுத்தால் 57.5%. 61.25% என்றால் கையில் 49,000 இருக்க வேண்டும். அந்த 3,000 வெள்ளி எங்கே என்று யாராவது உண்டியலைத் திறக்கச் சொன்னால் என்ன செய்வது?

விழுக்காடுகளைக் கூட்டிச் சராசரி எடுக்கும்போது 5,000 வெள்ளி மின்சார வேலைக்கும் 40,000 வெள்ளிக் கோபுரத்துக்கும் ஒரே எடை கொடுத்துவிடுகிறோம். முழுக்கள் சமமாக இருந்தால் மட்டும் அந்தச் சராசரி செல்லும். இல்லாவிட்டால் காசைத் தனியாகக் கூட்டு, இலக்கைத் தனியாகக் கூட்டு, கடைசியில் ஒரு தடவை வகு. படம் போடுவதற்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும். தப்பான எண்ணுக்குப் போடும் அழகான படம், தப்பை இன்னும் வேகமாகப் பரப்பும்.

நூறு செங்கல் சுவர்

பட்டை சரியாகிவிட்டது. ஆனால் கோயிலுக்கு வரும் பெரியவர்களுக்கு அதில் ஒட்டுதல் இல்லை. பச்சைக் கோடு என்றுதான் பார்த்தார்கள். நூற்றுக்கு என்பதை அப்படியே கண்முன்னால் வைத்தால் என்ன என்று யோசித்தபோது தோன்றியது செங்கல். பத்து வரிசை, வரிசைக்குப் பத்துக் கல், மொத்தம் நூறு. ஒரு கல் ஒரு விழுக்காடு. மற்ற நாடுகளில் இந்த வகைப் படத்துக்கு வாஃபிள் சார்ட் என்று பெயர், வாஃபிள் பலகாரத்தின் கட்டம் கட்டமான தோற்றத்தால். இங்கே சுவர் என்பதே போதும்.

செய்முறை இது. புதுத் தாளில் பத்துக்குப் பத்துக் கட்டங்களை எடுத்துக்கொண்டு, அகலத்தையும் உயரத்தையும் கல் வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். அடி வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 10, அதற்கு மேல் வரிசையில் 11 முதல் 20, இப்படியே உச்சி வரிசையில் 91 முதல் 100 வரை எண்களை நிரப்புங்கள். நான் முதல் தடவை மேலிருந்து தொடங்கிவிட்டேன். "அந்தரத்துல தொங்குது சுவரு" என்று சிரித்தார்கள். சுவர் கீழேயிருந்துதான் எழும்பும்.

சுவருக்குப் பக்கத்தில் ஒரு தனிக் கட்டத்தில் மொத்த விழுக்காட்டை நூறால் பெருக்கி வையுங்கள். எங்களுக்கு 57.5. அந்தக் கட்டத்தின் ஃபார்மேட் சாதாரண எண்ணாக இருக்கட்டும், % வேண்டாம். இப்போது நூறு கட்டங்களையும் தேர்ந்தெடுத்து, கண்டிஷனல் ஃபார்மேட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், பிட்வீன். முதல் இடத்தில் 1. இரண்டாவது இடத்தில் அந்த 57.5 கட்டத்தைக் கிளிக் செய்யுங்கள். முகவரியில் டாலர் குறிகள் தாமாக வரும். அவற்றை அழிக்காதீர்கள், எல்லாக் கற்களும் அந்த ஒரே கட்டத்தைப் பார்க்கச் செய்பவை அவைதான். நிறமாகச் செங்கல் நிறம்.

1 முதல் 57 வரை சிவக்கும். 58 முதல் வெறுமையாக இருக்கும். எண்கள் தெரிவது பிடிக்காவிட்டால், ஃபார்மேட் செல்ஸ் பெட்டியில் கஸ்டம் என்ற இடத்துக்குப் போய் மூன்று அரைப்புள்ளி ;;; தட்டுங்கள். எண் உள்ளே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மறுபடியும் வேட்டி மாற்றிக் கட்டும் கதைதான். கட்டங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டால் பூச்சு வைத்த மாதிரி இருக்கும்.

அடுத்த வாரம் 800 வெள்ளி வந்தால் வசூல் கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றினால் போதும், ஒரு கல் ஏறும். 80,000ஐ நூறால் வகுத்தால் 800 அல்லவா? அதனால் சுவருக்கு அடியில் "ஒரு கல் 800 வெள்ளி" என்று எழுதிவைத்தேன். நாலு குடும்பம் ஆளுக்கு 200 போட்டால் ஒரு கல் என்று அவர்களே கணக்குப் போடத் தொடங்கினார்கள். பட்டை போட்டபோது இது நடக்கவில்லை.

வட்டமும் குட்டிக் கோபுரமும்

வட்டப் படம் வேண்டும் என்று ஒருவராவது கேட்பார். வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1801இல் அறிமுகப்படுத்தியது, இன்னும் மவுசு குறையவில்லை. ஆனால் வட்டம் என்பது ஒரே தோசையைத் துண்டு போடுவது. துண்டுகள் எல்லாம் ஒரே முழுவிலிருந்து வர வேண்டும். எங்கள் 60, 65, 30, 90 நாலும் நாலு தனித்தனித் தோசை, ஒரே வட்டத்துக்குள் வைக்க முடியாது. வைத்தால் எக்செல் தடுக்காது, அழகாகவே வரைந்து கொடுக்கும். வந்தது, வர வேண்டியது என்று இரண்டே துண்டு போட்டால் வட்டம் சரி. நடுவில் ஓட்டை விட்ட டோனட் வகையில் ஓட்டைக்குள் 57.5% என்று பெரிதாக எழுதலாம்.

இன்னொன்று, வட்டத் துண்டுகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிடுவதில் நம் கண் அத்தனை கெட்டி இல்லை. வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 1984இல் சோதனை வைத்தே காட்டினார்கள்: ஒரே கோட்டிலிருந்து தொடங்கும் நீளங்களை ஒப்பிடுவது கோணங்களை ஒப்பிடுவதைவிடத் துல்லியமாக வருகிறது.

கோபுரப் படத்தைச் சிறிதும் பெரிதுமாகப் போடலாமே என்று ஒரு தம்பி சொன்னார். 30க்குச் சின்னக் கோபுரம், 60க்கு இரு மடங்கு உயரம். உயரம் இரண்டு மடங்கானால் அகலமும் இரண்டு மடங்காகும், தாளில் பிடிக்கும் இடம் நாலு மடங்கு. பார்ப்பவர் மனதில் 60 என்பது 120 மாதிரி பதியும். 1920களில் வியன்னாவில் ஓட்டோ நோய்ராத் என்பவர் இதற்கு வைத்த விதி எளிமையானது: படத்தைப் பெரிதாக்காதே, ஒரே அளவுப் படத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கு. நம் செங்கல் சுவரும் அந்த ஜாதிதான்.

பச்சைக்கல்

சுவரை வண்ணத்தில் அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்த ஒரு பாட்டி, அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டியவர், விரல் வைத்துக் கல்லை எண்ணினார்.

"அம்பத்தேழா?"

"அம்பத்தேழரை பாட்டி. அரைக் கல்லைக் காட்ட முடியல, அதனால விட்டுட்டேன்."

"வந்த காசை ஏம்ப்பா விட்டே? அரை வாளிப் பாலுக்கும் கணக்கு எழுதுவாங்க."

400 வெள்ளியைப் பலகையில் காணோம் என்பதைத்தான் சொன்னார். வராத காசுக்குக் கல் வைக்கக் கூடாது என்று நான் கீழ்நோக்கி விட்டது ஒரு பக்கம் நியாயம், அவர் சொன்னதும் நியாயம். வீட்டுக்கு வந்து இன்னொரு விதி போட்டேன். 57.5 இருக்கும் கட்டத்துக்குக் கீழே, அதோடு 0.99 கூட்டிய எண்ணுக்கு ஒரு கட்டம். அதில் 58.49 வந்தது. மறுபடியும் பிட்வீன்: 57.5 முதல் 58.49 வரை இருக்கும் கல்லுக்கு வெளிர் நிறம். அந்த இடைவெளியில் விழுவது 58ஆவது கல் ஒன்றுதான். ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கும். புதிதாகப் போடும் விதி எக்செலில் மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். மேனேஜ் ரூல்ஸில் அம்புக்குறியை அழுத்தி அதைப் பழைய விதிக்குக் கீழே இறக்குங்கள். இல்லாவிட்டால், சரியாக 58% வரும் வாரத்தில் முழுசாகக் கட்டிய 58ஆவது கல்லும் வெளிறிப்போகும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாட்டி மறுபடியும் பலகை முன்னால் நின்றார். வெளிர் கல்லைத் தொட்டுப் பார்த்தார்.

"இது சுடாத பச்சைக்கல்லு மாதிரில்ல இருக்கு."

அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போதெல்லாம் குழுவில் நான் படத்தை அனுப்பியதும் முதல் கேள்வி ஈப்போ அண்ணனிடமிருந்துதான் வருகிறது: "தம்பி, பச்சைக்கல்லைச் சுட இன்னும் எவ்வளவு வேணும்?"